2,800 வெள்ளிக்கு ஒரு 700 ஹெலிகாப்டர்: வாங்கலாமா?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாகக் கேமரா டிரோன் பறக்கவிடுகிறாராம். இப்போது ஒருவர் தன்னுடைய 700 அளவு மின்சார மாடல் ஹெலிகாப்டரை ரிமோட், இரண்டு செட் பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றோடும் 2,800 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். புதிதாக வாங்கினால் இரு மடங்கு ஆகும். "போனஸ் வந்திருக்கிறது அண்ணே, எடுத்துவிடலாமா? புளோக்குக்குப் பக்கத்திலேயே பெரிய திடல் இருக்கிறது. டிரோன் ஓட்டத் தெரியும் என்பதால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்தானே? வீட்டுக்காரிதான் பையனுக்கு 5 வயது, ஆபத்து என்று பயப்படுகிறாள்."

தம்பி, நீங்கள் எழுதியதில் உங்கள் வீட்டில் சொன்னது மட்டும்தான் சரி. விலை, திடல், ஒரு மாதம் மூன்றும் கணக்குத் தப்பு. பயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

700 என்பது பிளேடின் நீளம், மில்லிமீட்டரில். இரண்டு பிளேடும் நடுவில் ரோட்டர் ஹெட்டும் சேர்ந்தால் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். கார்பன் ஃபைபர் பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று. பெருக்கிப் பாருங்கள்: பிளேடின் நுனி மணிக்கு 590 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதைச் சுமக்கும் உடம்பு பேட்டரியோடு 5 கிலோ. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், 19 வயதுப் பையன் ஒருவர் தானே ஓட்டிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் தலையில் பட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் கற்றுக்குட்டி இல்லை, நன்றாகப் பறக்கத் தெரிந்தவர். அதனால்தான் இந்தச் செய்தியைப் புதிதாக வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கதை இவ்வளவு பெரிதல்ல. தீபாவளிக்கு முந்திய வாரம், சமையலறை மேசையில் 500 அளவு ஹெலி ஒன்றை செட் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மனைவி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். மேலே இருக்கும் பெரிய பிளேடுகளைக் கழற்றி வைத்திருந்தேன், ஏதோ ஜாக்கிரதைக்காரன் மாதிரி. வாலில் இருக்கும் சின்ன பிளேடுகளைக் கழற்றவில்லை. ரிமோட்டை இடது கையில் சாய்த்துப் பிடித்தபோது சட்டைக் கை, மோட்டாரை ஓடவிடாமல் பிடித்து வைக்கும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டிவிட்டது. மோட்டார் மெதுவாக 'உய்ய்ய்' என்று ஏற ஆரம்பித்தது. மெதுவாகத்தான் ஏறும், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று வினாடியில் சுவிட்சைத் திருப்பிப் போட வேண்டியவன், வாலைப் பிடித்து நிறுத்தப் போனேன். ஆட்காட்டி விரலில் 5 தையல். முறுக்கு மாவில் ரத்தம் தெறித்ததைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் பேச்சு வரும். அதற்குப் பிறகு, வீட்டுக்குள் பேட்டரி மாட்ட வேண்டுமானால் முதலில் மோட்டாரின் மூன்று வயரையும் கழற்றிவிடுவேன். பிளேடின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டார்களான சர்வோ, ஆட்டத்தை உணர்ந்து திருத்தும் ஜைரோ எல்லாம் அது இல்லாமலே வேலை செய்யும், செட்டிங் ஒன்றும் கெடாது. நீங்கள் எதை வாங்கினாலும் இந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். 5 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இதைத் தவிர வேறு வழியே கிடையாது.

இனி அந்த 'ஒரு மாதம்'. டிரோனில் இரண்டு குச்சியையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஜிபிஎஸ்ஸும் சென்சாரும் அதைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் மூக்கைச் சொறிந்துவிட்டு வரலாம். ஹெலியில் விட்டால் இரண்டு, மூன்று வினாடியில் அது எங்காவது போய்ச் சேர்ந்திருக்கும். ஜைரோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது செய்வதெல்லாம் காற்று அடித்தால் உடம்பு சுழலாமல் பார்ப்பதுதான். எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. காப்பாற்றிக் கொடுக்கும் வசதி உள்ள ஜைரோ பெட்டிகள் வந்திருக்கின்றன, சுவிட்சைத் தட்டினால் ஹெலியை நிமிர்த்தி மேலே தூக்கிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் பதறும்போது அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது கைக்கு ஞாபகம் வர வேண்டுமே.

சும்மா ஒரே இடத்தில் நிறுத்துவதே ஒரு வித்தை. பெரும்பாலான மாடல் ஹெலிகாப்டர்களில் மேல் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசை உடம்பை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும், அதைத் தடுக்க வால் ரோட்டர் காற்றைத் தள்ளும், அந்தத் தள்ளலில் முழு ஹெலியும் இடப்பக்கம் நகரப் பார்க்கும். ஆகவே நேராக நிற்க வேண்டுமென்றால் அது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்க வேண்டும். புதியவர்கள் சாய்வைப் பார்த்துவிட்டு நிமிர்த்துவார்கள், உடனே அது நழுவும். இதெல்லாம் வால் உங்களைப் பார்த்திருக்கும்போது. மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அந்த நொடியில் மூளை பொய் சொல்லும். எனக்குச் சொல்லிக்கொடுத்த உபாயத்தை உங்களுக்கும் சொல்கிறேன்: எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளுங்கள், வாழைமரம் சாய்கிற பக்கத்தில் முட்டுக் கொடுப்பது மாதிரி. மூக்கு உங்களைப் பார்த்திருக்கும் நிலைக்கு மட்டும்தான் இந்த உபாயம் பொருந்தும். வால் உங்கள் பக்கம் இருக்கும்போது இதைச் செய்தால் கதை முடிந்தது.

நான் 2007-ல் இதைத்தான் தப்பாகச் செய்தேன். பழைய ஹாலந்து ரோடு திடல், ஞாயிறு காலை. சின்ன 450 அளவு, டி-ரெக்ஸ். நான்கு வாரமாக வாலை என் பக்கம் வைத்து நிறுத்தப் பழகியிருந்தேன். அன்றைக்கு ஒரு தைரியம். காற்று ஒரு தட்டுத் தட்டியதும் வால் அந்தப் பக்கம் சுற்றி, மூக்கு என்னை நோக்கி வந்தது. நான் குச்சியை முன்னால் தள்ளினேன், அது இன்னும் வேகமாக வந்தது. நான்கு அடி தள்ளிப் புல்லில் குத்திய சத்தம் தகரத்தில் கல்லைக் கொட்டியது மாதிரி இருந்தது. இரண்டு பிளேடு, ரோட்டர் ஹெட்டுக்குள் போகும் கம்பி, நடுத்தண்டு, வால் குழாய், பெரிய பல்சக்கரம், இரண்டு சர்வோவுக்குள் பற்கள், எல்லாம் போயிற்று. புல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு சீன அங்கிள் என் ஹெலியின் மூடியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். "சிமுலேட்டர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "ஓ, அப்ப நீ புல்லுலதான் படிக்கிறியா" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அந்த வாரமே சிமுலேட்டர் வாங்கினேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: முதலில் கணினியில் பறந்து பழக ஒரு சிமுலேட்டர். ரியல்ஃபிளைட், நெக்ஸ்ட், அக்கூஆர்சி எதுவானாலும் சரி. சொந்த ரிமோட்டைக் கணினியோடு இணைத்து ஓட்டுங்கள், விளையாட்டுக் கைப்பிடியில் வேண்டாம், விரல் பழக வேண்டியது அந்த ரிமோட்டின் குச்சியில்தான். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். சனிக்கிழமை உட்கார்ந்து நான்கு மணி நேரம் ஓட்டுவதைவிட அதுதான் கையில் ஏறும். வால் உங்கள் பக்கம், பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், கடைசியாக மூக்கு உங்கள் பக்கம். நான்கிலும் ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்த முடிந்தால் வெளியே வாருங்கள். எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கூடவே பிட்ச், அதாவது பிளேடின் சாய்வுக் கோணம், மாறும் சின்ன ஹெலி ஒன்று. எக்ஸ்கே கே110 போன்றவை 50 கிராம்தான், சுவரில் மோதினாலும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பறக்கலாம். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் கூஸ்கை எஸ்2, ஓம்ப் எம்2 மாதிரி, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கத் தயாராக வருபவை. விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். ஓட்டிப் பார்த்தால்தான் பெரியதன் குணம் முழுக்க அதில் இருப்பது தெரியும், சொல்லப்போனால் பெரியதைவிட முரடு. பெரிய ஹெலி காற்றில் நின்று நிதானமாகப் பறக்கும். "700-தான் ஓட்டச் சுலபம்" என்று விற்பவர் சொல்லியிருப்பார், அது பொய்யில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டார்.

திடல் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்கு ஏமாற்றம் அதிகம்.

சிங்கப்பூரில் விமான நிலையத்திலிருந்தும் ராணுவ விமானத் தளத்திலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிடக்கூடாது. சாங்கி, பாய லேபார், சிலேத்தார், தெங்கா, செம்பவாங். வரைபடத்தில் காம்பஸ் வைத்து ஐந்து வட்டம் போட்டுப் பாருங்கள், கிழக்கே மீதி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. செங்காங்குக்குத் தெற்கே பாய லேபார், வடக்கே சிலேத்தார். உங்கள் புளோக்குப் பக்கத்துத் திடலில் 5 கிலோ ஹெலியைத் தூக்கினால், திடல் காலியாக இருந்ததெல்லாம் ஒரு சாக்காக எடுபடாது. 2019 ஜூனில் யாரோ விட்ட டிரோன்களால் சாங்கியில் ஓடுபாதை ஒன்றை மூடி, ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமானது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு யாரும் இதைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதில்லை.

டிரோனுக்குத்தானே சட்டம், இது பொழுதுபோக்கு மாடல்தானே என்று சிலர் கேட்பார்கள். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஆளில்லா விமானம்தான். 250 கிராமுக்கு மேல் போனால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிய வேண்டும், 2020-லிருந்து அப்படி. விற்பவர் ஒட்டியிருக்கும் லேபிள் அவர் பெயரில் இருப்பது, நீங்கள் உங்கள் பெயரில் பதிந்து வேறு ஒட்ட வேண்டும். பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1.5 கிலோவைத் தாண்டி 7 கிலோ வரை உள்ளவற்றுக்கு, பொழுதுபோக்காக இருந்தாலும், அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இது 2021 பிப்ரவரியிலிருந்து. உங்கள் 700 இதற்குள் வருகிறது, உங்கள் டிரோன் அநேகமாக வந்திருக்காது, அதனால் உங்களிடம் அந்தச் சான்றிதழ் இருக்காது. 2025 டிசம்பர் 1-லிருந்து, தான் எங்கே இருக்கிறேன் என்பதை ஒலிபரப்பும் அடையாளக் கருவியும் சேர்ந்துவிட்டது. புதிய டிரோன்கள் பலவற்றில் அது உள்ளேயே வருகிறது. ஹெலிக்குத் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும், அதை வால் குழாயில் கட்டுவதா, மூடிக்குள் வைப்பதா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. விதிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. போகும் முன் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், என் எழுத்தைக் காட்டி யாரிடமும் வாதாட வேண்டாம்.

உயரம் 200 அடி வரை. அதுவும் தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து. புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர், 200 அடி என்பது 61 மீட்டர். அங்கே நின்று ஹெலியைப் பறக்கவிட வேண்டுமானால் பள்ளத்தில் இறக்கித்தான் விட வேண்டும். நல்லவேளை, அது வனக்காப்புப் பகுதி, அந்தக் கேள்வியே எழாது.

பின் எங்கேதான் பறக்கவிடுவது? மாடல் விமானக்காரர்கள் பல வருடம் கூடிப் பழகிய இடங்கள் சில இருக்கின்றன. நான் கற்றுக்கொண்டது பழைய ஹாலந்து ரோட்டில். ஆனால் இந்த ஊரில் திடல் என்பது கட்டடம் எழும்புகிற வரைக்கும்தான் திடல், எதையும் நிரந்தரம் என்று நம்பி 6,000 வெள்ளி போடக்கூடாது. தேசிய தின ஒத்திகைக் காலத்தில் மரினா பே பக்கம் தற்காலிகத் தடைகள் வரும், அதையும் பார்க்க வேண்டும். கிளப்பில் சேருவதுதான் புத்தி. இடம், அனுமதி, ஒழுங்கு எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும், முக்கியமாகப் பக்கத்தில் நிற்கிற ஆள் "பேட்டரி நேரம் முடிஞ்சாச்சு, இறக்கு" என்று சொல்வார். செங்காங்கிலிருந்து எந்தத் திடலுக்குப் போனாலும் தூரம்தான். 700-ஐப் பிளேடோடு எம்ஆர்டியில் கொண்டுபோக முடியாது. பிளேடை மடக்கினாலும் உடம்பு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளும். காரோ வேனோ இல்லையென்றால் ஒவ்வொரு ஞாயிறும் பெரிய டாக்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வானிலையும் பங்கு கேட்கும். நல்ல நேரம் காலை 7-லிருந்து 10 வரை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு வந்து ஆளையே தள்ளும், ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. பிற்பகலில் இடி. வெட்டவெளியில் உலோக ஏரியலோடு நிற்பவன் மேல் இடிக்கு ஒரு பாசம் உண்டு. என் டைரியைப் பார்த்தால் ஒரு வருடத்தில் உருப்படியாகப் பறந்த ஞாயிறுகள் பாதிக்கும் குறைவு.

பணத்துக்கு வருகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்னது போல இருக்கும். புதிதாக ஒரு 700 கட்ட வேண்டுமென்றால், அலைன் ஆனாலும் சாப் கோப்ளின் ஆனாலும் மிகாடோ ஆனாலும், பெட்டியில் வருவது எலும்புக்கூடுதான். அதன் மேல் மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம் அளந்து விடும் ஈஎஸ்சி, நான்கு சர்வோ, ஜைரோ, ரிசீவர், பிளேடு, பேட்டரி, ரிமோட், சார்ஜர், சார்ஜருக்கு ஒரு பவர் சப்ளை. எல்லாம் கூட்டினால் 4,500-லிருந்து 6,500 வெள்ளி ஆகும், யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து. முன்பெல்லாம் 400 வெள்ளிக்குள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தால் ஜிஎஸ்டி கிடையாது, நாங்கள் பார்சலைப் பிரித்துப் பிரித்து வரவழைப்போம். 2023-லிருந்து அந்த வழியும் அடைபட்டது, இப்போது 9 விழுக்காடு.

இதெல்லாம் ஒருமுறைச் செலவு. பறக்கிற செலவு வேறு. 700-க்கு 6 செல் பேட்டரி இரண்டைத் தொடராக மாட்டுவோம், 5,000 மில்லிஆம்ப்-மணி. ஐந்து நிமிடத்தில் நாலாயிரம் மில்லிஆம்ப்-மணி போய்விடும். அதாவது சராசரியாக 2 கிலோவாட், வீட்டில் தண்ணீர் கொதிக்கும் கேத்தல் ஒன்று ஐந்து நிமிடம் வானத்தில் பறக்கிற மாதிரி. மறுபடி சார்ஜ் ஏற 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். உங்களிடம் இரண்டு செட் இருந்தால் ஒரு காலையில் மொத்தம் 10 நிமிடம் பறக்கலாம். போகவர இரண்டு மணி நேரம், பறப்பது 10 நிமிடம். இந்த விகிதத்தை உங்கள் மனைவியிடம் எப்போதும் சொல்லாதீர்கள்.

விழுந்தால்? 700 ஒன்று சுமாராக விழுந்தால் 500 வெள்ளி, நன்றாக விழுந்தால் 1,000. பிளேடு ஜோடி மட்டும் 150-க்கு மேல். புதியவர் முதல் வருடம் மூன்று முறை கீழே போடுவார் என்று வையுங்கள். 2,800 என்ன ஆயிற்று பாருங்கள். அதே விழுதல் சின்ன ஹெலியில் 15 வெள்ளி, 40 வெள்ளியோடு போய்விடும். ஹெலிகாப்டர் விலையை எல்லோரும் பர்சுக்கு ஏற்ற மாதிரிதான் யோசிப்பார்கள். நான் சொல்வது வேறு கணக்கு: இன்றைக்கு உடைந்தால் அடுத்த ஞாயிறே சிரித்துக்கொண்டு திருத்திப் பறக்க முடிகிற அளவுதான் உங்கள் அளவு. அதற்கு மேல் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்து பயந்து பறப்பார்கள், கை இறுகும், இறுகிய கையால்தான் விழும். பிறகு அது அலமாரி மேல் ஏறும். இரண்டு வருடம் கழித்து இன்னொரு தம்பிக்கு 2,800-க்கு விலை போகும்.

பேட்டரியைப் பற்றி வீட்டுக்காரர்கள் பயப்பட நியாயம் இருக்கிறது. லிப்போ பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறைகிறது. நிறைந்தபடியே வாரக்கணக்கில் வைத்தால் உப்பும். பறக்காத நாளில் 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், நல்ல சார்ஜரில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கும். உப்பியது, விழுந்து நசுங்கியது எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜ் போடக்கூடாது, இது குடிமைத் தற்காப்புப் படையும் வருடா வருடம் சொல்வதுதான். நான் பின்பக்கம் ஜன்னலோரம், செராமிக் தரையில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போடுவேன். நண்பர்கள் பலர் பேட்டரியை வீட்டுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் அரிசி மூட்டைக்கும் பழைய செய்தித்தாளுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். சுவர் கனம்தான், ஆனால் உள்ளே எரிய இவ்வளவு இருந்தால் சுவர் என்ன செய்யும்? ஊருக்குப் போகும்போது மச்சானுக்குக் காட்டலாம் என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அந்த 6 செல் பேட்டரி ஒன்று 111 வாட்-மணி, 100-க்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் அந்த 700-ஐப் போய்ப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். நானும் போயிருப்பேன். போகும்போது ஒரு செட் ஆலன் சாவியும் சின்ன கண்ணாடித் துண்டும் கொண்டுபோங்கள்.

முதலில் மூடியைக் கழற்றச் சொல்லி ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். அறுகோணக் குழி வட்டமாகத் தேய்ந்திருந்தால் அவசரக்காரர் கையில் இருந்த சாமான். உலோகத்தில் உலோகம் முறுக்கும் இடத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள், மரையில் காய்ந்த நீலப் பசை இருக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டினால் அதிர்வில் தானே கழன்று வரும், ஒரே ஒரு ஸ்க்ரூவுக்காக முழு ஹெலியும் போன கதை எங்கள் திடலில் ஆளுக்கு ஒன்று உண்டு. பிறகு பிளேடை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். பேரிங் பட்டுப்போல ஓட வேண்டும். மணல் அரைக்கிற மாதிரி விரலில் தட்டினால் உள்ளே துரு. நம் ஊர் ஈரத்தில் மூன்று வருடம் ஸ்டோர் ரூமில் கிடந்த ஹெலியில் இது சர்வசாதாரணம். அடுத்து பெரிய பல்சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிளேடை அது ஓடும் திசையில் தள்ளுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் தள்ளினால் கப்பென்று பிடிக்க வேண்டும். மோட்டார் நின்றால் காற்றில் சுற்றியபடியே இறங்குவதற்கு அந்த ஒருவழி பேரிங்தான் உயிர்.

ரோட்டர் ஹெட்டின் குறுக்கே போகும் கம்பியை வெளியே எடுக்கச் சொல்லிக் கண்ணாடியில் உருட்டுங்கள். சத்தமில்லாமல் உருண்டால் நல்லது, டக்டக் என்று தட்டினால் வளைந்திருக்கிறது, அப்படியானால் ஒருமுறையாவது விழுந்திருக்கிறது. "விழுந்ததே இல்லை" என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே முகத்தைப் பாருங்கள். விழுந்தது குற்றமில்லை, மறைத்தால்தான் மற்றதையும் நம்ப முடியாது. பிளேடின் வேர்ப்பகுதியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள், தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் அது குப்பை. சர்வோவின் கையை விரலால் இலேசாக அசையுங்கள், உள்ளே பல் தேய்ந்திருந்தால் ஆடும். பேட்டரியை உங்கள் கண் முன்னால் சார்ஜரில் மாட்டி ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல, மூன்று நான்கு மில்லிஓமுக்குள் இருந்தால் சரி. ஒரு செல் மட்டும் இரட்டிப்பாகக் காட்டினால் அந்தப் பேட்டரிக்கு விலை பூஜ்யம், அதை அழிப்பதே உங்களுக்கு ஒரு வேலை.

கடைசியாக, அவரையே ஒரு பேட்டரி பறந்து காட்டச் சொல்லுங்கள், பறக்கிற இடத்தில் வைத்து. இறக்கியதும் மோட்டாரையும் ஈஎஸ்சியையும் தொடுங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஏதோ உராய்கிறது. "நேரமில்லை, அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்றால் நீங்களும் நேரமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் தேறினால் என் கணிப்பில் அதற்கு 1,800-லிருந்து 2,000 வெள்ளி. பழைய பேட்டரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிளேடும், ரோட்டர் ஹெட்டுக்குள் அதிர்வைத் தாங்கும் டாம்பர் ரப்பரும் புதிதாகப் போட வேண்டும். வாங்கினாலும் ஒரு வருடம் அதைத் தொடாமல், சிமுலேட்டரும் சின்ன ஹெலியும் ஓட்டிவிட்டு வர மனசு இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ரிமோட்டையும் சார்ஜரையும் மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், நல்ல பிராண்டாக இருந்தால் சிமுலேட்டருக்கும் சின்ன ஹெலிக்கும் அதையே பயன்படுத்தலாம், அடுத்து வாங்கும் எதற்கும் உதவும். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

ரிமோட் என்றதும் ஞாபகம் வருகிறது. அது மோட் 1-ஆ, மோட் 2-ஆ என்று கேட்டீர்களா? உங்கள் டிரோன் அநேகமாக மோட் 2, மேலே கீழே போகும் குச்சி இடக்கையில். மோட் 1-இல் அது வலக்கையில் இருக்கும். பழைய ஆட்கள் சிலர் மோட் 1-இல் பழகியவர்கள். மாற்ற முடியும், ஆனால் பின்பக்கத்தைத் திறந்து ஸ்பிரிங்கை இடம் மாற்றி, மெனுவிலும் மாற்றி, ஹெலியின் செட்டிங்கை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அவரிடம் போனில் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.